தாணுலிங்கம் கிணறு பாஸான கதை

...முன்வரிசையில கொட்டாவி விடுற பெரியவங்க வாயை மூடிக்கிட்டா, குட்டியா ஒரு கதை சொல்லி முடிச்சிடுவேன். கிணத்துக் கதைதான்.

பார்வதிபுரத்துப் பக்கம் தாணுலிங்கம்னு ஒருத்தர். வீட்டுக்குப் பின்னால சொந்தக் கிணறு. அதைப் பத்தி அவர் பேச ஆரம்பிச்சா தாமிரபரணி வெட்கப்பட்டு மலைக்கே திரும்ப ஏறிடும்! "என் தண்ணியக் கண்ணாடி டம்ளர்ல ஊத்தினா, டம்ளர் காலியா இருக்குன்னு நினைப்பீரு ஓய்!" அப்படி ஒரு தெளிவாம்.

சரி... அந்தக் கிணத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி தெரியுமா? கல்யாண மேடையில மாப்பிள்ளையும் பொண்ணும் உக்காந்திருப்பாங்களே... அவ்வளவு!

அவர் மருமக சுபிதா, கைக்குழந்தைக்காரி. மழை ஓஞ்ச ஒரு நாள் மெதுவாச் சொன்னா.

"மாமா, தண்ணியில ஒரு வாடை வருது. பிள்ளைக்குக் கொடுக்கப் பயமா இருக்கு. ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்திருவோமா?"

"என் கிணத்தையா மக்ளே? நீ என்னையே டெஸ்ட் பண்ணு, பரவால்ல!"

ஆனாலும் ஆய்வகத்துக்குப் போய் சுத்தமான பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். கிணத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே தென்னை மட்டை மிதக்குது. அதுமேல ஒரு தவளை... மூணு தலைமுறை பட்டா வச்சிருக்கிற மாதிரி உக்காந்திருக்கு. பாட்டிலை இறக்கப் போன தாணுலிங்கம் கையை இழுத்துக்கிட்டார். தண்ணி ஃபெயில் ஆனா? தெரு என்ன பேசும்?

மனுஷன் என்ன பண்ணார்? நேரா கடைக்குப் போய், கேன் தண்ணியை வாங்கி, அந்தப் பாட்டில்ல நிரப்பி அனுப்பிட்டார்!

ரிசல்ட் வந்துச்சு. 'குடிக்க உகந்தது.' உகக்காம? உடனே அதுக்குக் கண்ணாடிச் சட்டம், சந்தனப் பொட்டு, சீரியல் லைட்டு! "இனிமே இந்த வீட்ல என் தண்ணிய எவளாவது காய்ச்சினா நடக்கதே வேற!"

சுபிதா நம்பினா. காய்ச்சுறதை நிறுத்தினா. அந்தத் தண்ணியையே பிள்ளைக்குக் கொடுத்தா.

வாந்தி... பேதி... பிள்ளை துவண்டு போச்சு. ஆஸ்பத்திரியில அந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்தி டிரிப் ஏறுது. டாக்டர் கேக்கறாரு, "என்ன தண்ணிம்மா கொடுக்கறீங்க?"

"கிணத்துத் தண்ணி டாக்டர். டெஸ்ட் பண்ணி நல்லாருக்குன்னு எழுதியே கொடுத்தாங்க. மாமாதான் பார்த்தாங்க."

"அப்போ தண்ணி காரணமா இருக்காது. வேற ஏதோ கோளாறு. இன்னும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்..."

நர்ஸ் ஊசியோட வர்றா. பிள்ளை வீறிடுது. அப்பதான் நம்ம கிணத்து மகாராஜாவுக்கு வாய் திறந்துச்சு.

"டாக்டர்... டெஸ்டுக்கு அனுப்பினது... கடைத் தண்ணி."

சுபிதா திரும்பிப் பார்த்துக் கேட்டா. "உங்க பேரைக் காப்பாத்தவா சொன்னேன் மாமா? தண்ணியப் பாக்கத்தானே சொன்னேன்."

பிள்ளை பிழைச்சிடுச்சு, கவலைப்படாதீங்க. டேங்கை இடிச்சுத் தூரமாக் கட்டினாங்க. கிணத்தை இறைச்சு, தூர்வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வலை மூடி போட்டாங்க. மறுபடியும் டெஸ்ட். இந்தத் தடவை பாட்டிலை மருமகளே நிரப்பினா!

சிரிக்கிறீங்க... சிரிங்க. இங்க சொந்தக் கிணறு வச்சிருக்கிறவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். அடேயப்பா, காடு மாதிரி எழும்புது! இதுல வருஷத்துக்கு ஒருக்காவாவது தண்ணியை டெஸ்டுக்கு அனுப்பறவங்க மட்டும் கையைத் தூக்கியே வச்சுக்கோங்க... என்னய்யா இது, காட்டையே வெட்டிச் சாச்சிட்டீங்க!

தண்ணியை டெஸ்டுக்கு அனுப்பறது பொண்ணு பாக்கற சடங்கு இல்லய்யா, பவுடர் பூசி அனுப்பறதுக்கு! இருக்கிற தண்ணியை இருக்கிறபடி அனுப்புங்க. ஃபெயில் ஆனா ஆகட்டும். கிணத்தை இறைக்கலாம், மருந்து போடலாம், ஆகாட்டி வேற கிணறே வெட்டலாம்.

தொட்டில்ல கிடக்கிற பிள்ளைக்கு, ஐயா... இருக்கிறது ஒரே ஒரு குடல்.