பின்வாசலில் இரண்டு பேர்

எனக்கு பீடி, சுருட்டு, சீட்டாட்டம் எதுவும் கிடையாது, ஐயா. பேரணாம்பட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார், எதற்கு வந்தார், போகும்போது முகம் ஏன் தொங்கிப்போயிருந்தது என்று தெரிந்துகொள்வதில் கொஞ்சம் ஆர்வம் உண்டு, அவ்வளவுதான். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு அது தொழிலோடு வருவது.

போன ஞாயிற்றுக்கிழமை தோல் பாக்டரி மேஸ்திரி நிசார் அஹமதுவின் தங்கைக்குக் கல்யாணம். படம் எடுத்தது நான்தான். பின்வாசலிலும் ஒன்று எடுத்தேன். ஒரு பக்கம் நிசார். மறுபக்கம் ஒத்தாசைக்கு வந்திருந்த எங்கள் தெருக் கண்ணம்மாள். நடுவில் நிசாரின் மனைவி அன்வரி பேகம். கேமராவைக் கண்டதும் அந்த அம்மாள் முகத்திரையை அவசரமாக இறக்கிவிட்டார். அதைப் பார்த்துக் கண்ணம்மாளுக்கு ஒரே சிரிப்பு. கறுப்பு புர்கா, பின்னால் இருட்டு வாசல்.

நெகட்டிவைப் பேப்பர்மேல் படுக்கவைத்து, கண்ணாடியால் அழுத்தி, விளக்கைப் போட்டால் அதே அளவில் படம் விழும். என்னிடம் ஒரு பெட்டி வெளிநாட்டுப் பேப்பர் இருந்தது. அதற்கு விளக்கின் அடியில் கலர் ஃபில்டர் பிடிக்கவேண்டும். மஞ்சள் பிடித்தால் படம் இளகும், இருட்டுக்குள் இருப்பதும் தெரியும். மெஜந்தா என்கிற ஊதாச்சிவப்பு பிடித்தால் இறுகும், கறுப்பெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். திங்கட்கிழமை இரண்டும் போட்டுப் பார்த்தேன். மஞ்சளில் மூன்று பேர். மெஜந்தாவில் நடுவில் வெறும் இருட்டு; நிசாரும், அவரைப் பார்த்துச் சிரிக்கும் கண்ணம்மாளும் மட்டும்.

கண்ணம்மாள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் குழாயடியில், "நந்தகோபால் அண்ணன் வர்றாரு, வாய மூடுங்கடி. அவர் காதுல விழுந்தா ஆம்பூருக்கு முதல் பஸ்ல போய்டும்" என்றாள். பத்துப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் சம்பத் கடைப்பக்கம் வந்தான். மெஜந்தாப் படத்தைக் காசு வாங்காமல் கொடுத்தேன்.

"இன்னாண்ணா இது? ரெண்டு பேர் மட்டும் நிக்கிறாங்க?"

"எனக்கு இன்னா தெரியும் சம்பத்து? கேமரா பாத்தது அதான்."

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது, நிசாரும் கண்ணம்மாளும் பின்வாசலில் தனியாக நின்றதாக நாலு பேரிடம் சொன்னேன். வருத்தத்தோடுதான் சொன்னேன்.

மத்தியானம் கண்ணம்மாள் வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"அண்ணா, அன்வரி அக்கா நடுவுல நின்னுச்சுன்னு சொன்னா, எங்க நிக்குது காட்டுன்னு கேக்குறாரு. அவங்க எல்லாம் வலீமா விருந்துக்கு வாணியம்பாடி போய்ட்டாங்க, நாளைக்குத்தான் வருவாங்க. அக்கா தெரியற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுண்ணா. அவங்க வர்ற வரைக்கும் என்ன உசுரோட விட்டு வெக்கமாட்டாரு."

பேப்பர் தீர்ந்துவிட்டது என்றேன். அவள் என் மேசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு போய்விட்டாள். விளக்கு வைக்கும் முன்பே சம்பத் அம்மிக்குழவியைத் தூக்கி அவளை அடித்தே கொன்றுவிட்டான்.

பயமா என்று கேட்டீர்கள். பயம்தான், ஐயா. மூன்று நாளாக அன்வரி பேகம் என் கடைக்கு எதிர்ச்சாரியில் வந்து நிற்கிறார், நல்ல வெயிலில், அதே புர்காவில். திரைக்குப் பின்னால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியாது. ஆனால் நான் ஷட்டரைப் பாதி இறக்கினால் அவர் ஒரு எட்டு முன்னால் வருகிறார். நேற்று படம் கழுவும் மருந்துத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன். இருட்டில் இருக்கப் பயந்து, இருட்டறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தொழில் போயிற்று. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அடித்தவன் சம்பத். அதை எழுதிக்கொள்ளுங்கள். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பேப்பர் தீரவில்லை. பெட்டியில் பாதிக்குமேல் இருந்தது. புதிதாகப் போடக்கூடத் தேவையில்லை. மஞ்சளில் போட்ட படம் மேசை டிராயரில் காய்ந்து தயாராகக் கிடந்தது. அவள் கைக்கும் டிராயருக்கும் ஒரு முழத் தூரம். அது இல்லாவிட்டால் அவள் கதி என்ன என்று அவள் கன்னத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் காலையில்தானே நாலு பேரிடம் சொல்லியிருந்தேன், ஐயா. மத்தியானமே அதை மாற்றினால், அப்புறம் என் பேச்சை ஊரில் யார் நம்புவார்கள்?