பலிக்காத வேண்டுதல்

வெளிநாட்டுக்குக் கப்பலில் போன அந்தக் காலத்தில், திருத்தணி மலையில் மொட்டை போடும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்; ஒருத்தி பக்கத்து மணவூர்க்காரி.

“என் வேண்டுதல் பலிக்கலீங்க. ஆனாலும் முடி குடுக்க வந்துட்டேன்” என்றாள் மணவூர்க்காரி.

“அது எப்டிம்மா?” என்றாள் மற்றவள்.

“எம் பையன் கப்பலேறி அமெரிக்கா போயி, ஒரு வீட்ல அவங்க புள்ளயாட்டம் தங்கிகினு ஒரு வருசம் ஸ்கூல்ல படிச்சான். மாறாம திரும்பி வரணும்னு வேண்டிக்கினேன்.”

“மாறிட்டானா?”

“ஆங். அங்க ஆம்பளைங்களும் பாத்திரம் கழுவுறாங்களாம். வந்த அன்னிக்கே என் எச்சித் தட்ட வாங்கிக் கழுவிட்டான்.”

“அடேயப்பா! வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலயா?”

“பாத்துகினே இருந்தாரு. நேத்து அவர் தட்ட அவரே கழுவினாரு.”

வரிசை நகர்ந்தது. மணவூர்க்காரி கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

“நான் கேட்டத முருகன் குடுக்கலயே, அதுக்குத்தாங்க இந்த முடி.”