ஊமைப் பட்டியல்

எனக்குச் சத்தம் ஆகாது. இந்த விசாரணை அறையின் மின்விசிறி கீச்சிடுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் நிறுவனம் ஆம்புலன்ஸ் செயலி நடத்துகிறது. நோயாளி பொத்தானை அழுத்தினால் கோரிக்கை எங்கள் சர்வருக்கு வரும். நேரம், எண், என்ன ஆயிற்று என்று லாக் என்னும் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். வண்டி அனுப்ப முடியாவிட்டால் வரி சிவப்பாகும். பணியில் இருப்பவனின் கைபேசி அலறும். அவன் யாரையாவது கூப்பிட்டு வண்டியை அனுப்பிவைக்க வேண்டும். குழந்தைக்கும் புரியும் ஏற்பாடு. எங்கள் தலைமைப் பொறியாளருக்குப் புரியவில்லை.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை. சுவரில் மாட்டிய பெரிய திரை எப்போதும் பச்சையாக இருக்க வேண்டும் அவருக்கு. அடிக்கடி வரும் பிழையைச் சரிசெய்ய மூளை தேவை. அதனால் ஊமைப் பட்டியல் என்று ஒன்றைத் தொடங்கினார். அதில் சேர்த்த பிழை லாகில் சும்மா கிடக்கும். சிவப்பு இல்லை, அலறல் இல்லை. பொத்தானை அழுத்தியதும் நோயாளியின் கைபேசியில் தெரியும் ‘வண்டி வருகிறது’ என்ற செய்தி மட்டும் அப்படியே நிற்கும்.

போன வருடம் என் மனைவி மூச்சுத் திணறி மூன்று முறை அழுத்தினாள். முகவரி கண்டறிய முடியவில்லை என்ற பிழை. பட்டியலில் இருந்த பிழை. மாலை நான் வீடு திரும்பியபோது செருப்பு மாட்டி, பையை மடியில் வைத்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை சில்லென்றிருந்தது.

பச்சை துக்கம் விசாரிக்க வந்தார்.

“சிஸ்டம்னா ஆயிரத்துல ஒண்ணு தப்பும் தம்பி. மனச விட்றாத. திங்கக்கெழம வந்துடுவல்ல?”

போனேன்.

அவருடைய அப்பா இதய நோயாளி. ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தவர் என்னிடம் கைபேசியைக் காட்டி, “எம்புள்ள செஞ்சது கைல இருக்கு, எனக்கென்ன பயம்” என்று சிரித்தார். நல்ல மனிதர். அவர் எண்ணிலிருந்து வரும் கோரிக்கை எந்த வண்டிக்கும் போகாதபடி இரண்டு வரி நிரல் எழுதினேன். அதனால் எழும் பிழையை ஊமைப் பட்டியலில் சேர்த்தேன். முறைப்படி பச்சையின் பார்வைக்கு அனுப்பினேன். படிக்காமலே ஒப்புதல் கொடுத்து, “சூப்பர் தம்பி” என்று எழுதியிருந்தார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு, பச்சை வெளியாட்களுக்குச் சுவர்த் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். “பாத்துக்கங்க, ஒரு சிவப்பு இருக்கா?” என் மேசைக் கணினியில் பெரியவரின் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழு. அதன்பின் வரவில்லை. தேநீர் ஆறியிருந்தது. வேறு எடுத்து வந்தேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள்: முகவரிப் பிழையைப் பட்டியலில் சேர்த்தது யார் என்று. மாற்றக் குறிப்பில் என் பெயர் இருப்பது சரிதான். அன்று ஞாயிறு, எனக்குப் பணிமுறை. சாப்பிட உட்கார்ந்தால் கைபேசி ஓயாமல் அலறியது. “அந்தச் சனியன அமுக்கித் தொலையேன்பா, ஒரு வாய் நிம்மதியா சாப்பிடுவோம்” என்றாள் மனைவி. அமுக்கினேன். அவள் கேட்டு நான் செய்யாதது எதுவுமில்லை.

ஆனால் அந்த மாற்றத்துக்கும் ஒப்புதல் கொடுத்தது பச்சைதான். அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.