அடக்கத்தில் வெடித்த மூன்று குண்டுகள்

துப்பாக்கியை மடியில் கிடத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சார்ஜென்ட் எப்ராயீம் அவர்களே, ஜெபித்து முடித்த நம் போதகர் அவர்களே, பிள்ளைகளை இறுக்கி அணைத்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே! படகோட்டி ஓபதியாவின் வணக்கம்.

இறந்தவரைப் புகழ்ந்து பேசுவது நம் மாசசூசெட்ஸ் வழக்கமல்ல. மணி அடிப்போம், புதைப்போம், வாய் திறக்காமல் வீடு திரும்புவோம். இன்று வீடு திரும்ப முடியவில்லை. சபைக்கூடத்தின் கதவைத் தாழிட்டு உள்ளே கிடக்கிறோம். பிள்ளைகளின் அழுகையாவது அடங்கட்டும் என்றுதான் போதகர் என்னைப் பேசச் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

நாம் இழந்த கேப்டன் ரால்ஃப் தோரல்ட் யார்? வர்ஜீனியாவில் புகையிலை நட்டவர்! மன்ஹாட்டனில் டச்சுக்காரரோடு வணிகம் செய்தவர்! பிறகு நம்மிடம் வந்து நம்மில் ஒருவரானவர்! ஒரே கடற்கரைதான், ஆனால் ஊருக்கு ஊர் உலகமே வேறு என்று அறிந்தவர் அவர் ஒருவரே. சாவு வீட்டில் டச்சுக்காரர் பீர் ஊற்றுவார்கள் என்று அவர் சொன்னபோது நம் போதகர் பட்ட பாட்டை மறப்போமா?

வந்த புதிதில், ஒரு கல்யாணத்தில் மகிழ்ச்சியாக மூன்று முறை வானத்தைப் பார்த்துச் சுட்டாரே! ஊரே அலறிக்கொண்டு இங்கே ஓடிவந்தது. மெர்சி அம்மா விட்டாரா?

"ஏன்யா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? மாவுக் கையோட ஓடி வந்து நிக்கிறோம்!"

"கோவிச்சுக்காதீங்கம்மா. எங்க பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு மைல். நல்லதோ கெட்டதோ, துப்பாக்கிதான் சேதி சொல்லும். நீங்கதான் கூப்பிடு தூரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கீங்களே!"

நமக்கோ மூன்று குண்டு என்றால் ஒன்றே பொருள்: எதிரி வந்துவிட்டான்.

இன்று காலை நடந்தது என்ன? வர்ஜீனியாவிலிருந்து வந்த அவர் தம்பி ஹம்ப்ரி, தம் ஊர் மரியாதைப்படி, குழியருகே வானத்தை நோக்கி மூன்று குண்டு சுட்டார். அதோ, மூலையில் தலை குனிந்து அமர்ந்திருக்கிறார். அவர்மீது குற்றமில்லை. அண்ணனுக்கு மரியாதை செய்தார். அந்தச் சத்தத்துக்குப் பழகிய நாம் யோசிக்காமல் துப்பாக்கியை எடுத்தோம். மூன்று குண்டு நமக்குப் போர் அழைப்பு என்று அறிந்த, அக்கரையில் வாழும் பூர்வகுடி வாம்பனோவாக் மக்கள் வில்லை எடுத்தார்கள். இதை இரு கரைக்கும் விளக்க வல்ல ஒரே மனிதர் எங்கே? ஐயோ, குழிக்குள் அல்லவா இருக்கிறார்!

நம் பன்றிகள் அவர்களுடைய சோளத்தை மேய்ந்து தகராறு மூண்ட அன்று சார்ஜென்ட் துப்பாக்கியோடு கிளம்பினார். கேப்டன் வழிமறித்தார்.

"பன்னி நம்மளது, சோளம் அவங்களது. யாரைச் சுடப் போறீங்க சார்ஜென்ட், பன்னியையா?"

வெறுங்கையோடு அக்கரை போனார். சமாதானத்தோடு திரும்பினார். நானும் அந்தப் படகில் இருந்தேன்.

அக்கரையில் பெண்களையும் பிள்ளைகளையும் காட்டுக்குள் அனுப்புகிறார்கள் என்று கூரைமேல் காவல் நிற்பவர் சொல்கிறார். அதைக் கேட்டு நீங்கள் இன்னும் மிரண்டீர்கள். நாம் மட்டும் என்ன செய்தோம்? நம் பிள்ளைகளை இங்கே பூட்டி வைக்கவில்லையா? அவர்களும் நம்மைப் போலத்தான் அஞ்சுகிறார்கள்!

பெரியோர்களே! கேப்டனின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி அமர்வது எளிது. உட்கார எனக்கு மனம் வரவில்லை. இப்போதே படகை எடுக்கிறேன். அவர்கள் மொழியில் நான் கற்றது கொஞ்சமே. "எங்கள் வீட்டில் சாவு" என்று சொல்லத் தெரியும். அதைக் கத்திக்கொண்டே துடுப்புப் போடுவேன்.

தாழை நீக்குங்கள். நான் திரும்பும்வரை ஒருவரும் சுடாதீர்கள், சார்ஜென்ட்.

நான் திரும்பாவிட்டாலும் சுடாதீர்கள்.