ஊசி போடாத டாக்டர்

— செருப்பை மாட்டும்மா. டாக்ஸி கீழ நிக்குது.

— நான் எங்கயும் வரல. டாக்ஸியைத் திருப்பி அனுப்பத்தான் உங்கப்பா இப்ப இறங்கிப் போனார்.

— விளையாடாதம்மா. திங்கக்கிழமையில இருந்து உன் இதயம் தாளம் தப்பி அடிக்குது.

— என் இதயம் எனக்குத் தெரியாம அடிக்குதாக்கும். யார் சொன்னா?

— உன் கையில நான் கட்டிவிட்ட பட்டை. ஒவ்வொரு துடிப்பும் என் கம்ப்யூட்டர்ல வந்து விழுது.

— அடேங்கப்பா! அம்மா சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு கேக்க நேரமில்ல. துடிப்பை மட்டும் உக்காந்து எண்ணுற.

— பிஎச்.டி. ஆராய்ச்சிம்மா. படிப்பை முடிக்க வேண்டாமா?

— நாலு வருஷமா இதையேதான் சொல்ற. உன் சித்தி நேத்து கேக்கறா, பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறாளே, முட்டி வலிக்கு என்ன மாத்திரைன்னு. அவ ஊசி போடாத டாக்டருடின்னு சொல்லி வெச்சேன்.

— சுகாதாரத் தகவலியல்னு சொல்லிக் குடுத்தேனே.

— அதையும் சொன்னேன். போனை வெச்சுட்டா. ஆமா, அங்க அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

— ஒரு நம்பர் கையில கிடைச்சா, அது யாரோடதுன்னு முதல்ல உறுதி பண்ணணும். கணக்கெல்லாம் அப்புறம்தான். அதுதான் முதல் பாடம்.

— இதுக்கு ஒரு பட்டமா! துணி மடிக்கிற எனக்கே தெரியுமேடி, எது யார் சட்டைன்னு.

— கிண்டலை ஆஸ்பத்திரில வந்து பண்ணு. கையைக் குடு, நாடி பாக்கறேன்... பட்டை எங்கம்மா?

— பாத்தியா, முதல் பாடத்துலயே பெயில்.

— அம்மா, பட்டை எங்க?

— அரிச்சுதுடி. கழட்டி வெச்சா 'ஏன் ஒண்ணும் வரல'ன்னு போன் பண்ணி உயிரை எடுப்ப. அதான் உங்கப்பா கையில மாட்டிவிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே சண்டை. நம்பர் மட்டும் வேறயாவா வந்துடப் போகுது?

— எப்ப மாட்டிவிட்ட?

— திங்கக்கிழமை. அதுலேர்ந்து மனுஷனுக்கு ஒரே செல்லம். நாலு படி ஏறினா உக்காந்துக்கறார், மூச்சு வாங்குதாம். கையில நகை ஏறினதும் ராஜா ஆயிட்டீங்களோன்னு கேட்டேன்... ஏன்டி அப்படிப் பாக்கற?

— லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டாங்களா?

— எங்க பண்ணாங்க? வரும்போது தண்ணி கேனையும் தூக்கிட்டு வாங்கன்னு...

— அம்மா. ஜன்னலைத் திற.

— ஏங்க! ஏங்க, கேனைக் கீழ வைங்க! ஏறாதீங்க, அங்கேயே உக்காருங்க! டாக்ஸியை அனுப்பாதீங்க... இதோ, நான் செருப்பு மாட்டிட்டேன்!