வழி பூட்டியிருந்த பதினோரு நாட்கள்

என் பெயரும் முகவரியும் மேலே குறிக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. இணையதளங்களுக்கு டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, பதிவு செய்து தரும் நிறுவனத்தில் தகராறுப் பிரிவு அலுவலராக ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன்.

ஒரு பெயருக்கு இருவர் உரிமை கோரினால், அது யாருடையது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. பூட்டி வைப்போம். தளம் வழக்கம்போல ஓடும். வழக்கு முடியும்வரை அந்தப் பெயரை யாரும் கைமாற்றவோ அழிக்கவோ வேறு சர்வருக்குத் திருப்பவோ முடியாது.

மார்ச் நான்காம் தேதி ஓர் அம்மா வழக்கு நகலுடன் வந்தார். அவருடைய மகள் மூன்று வருடம் முன்பு, பத்தொன்பது வயதில் காணாமல் போனவள். மகளின் படம், கழுத்துத் தழும்பு, தகவல் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரி எல்லாம் போட்டுத் தளம் நடத்தி வந்தார். பெயர் மட்டும் பிரிந்துபோன கணவர் பேரில் இருந்தது. கணவர் தளத்தை மூடப்போவதாகச் சொன்னதால் அம்மா வழக்குப் போட்டிருந்தார். அன்றே பூட்டினேன். "இனிமே யாரும் தொட முடியாதுல்ல?" என்று கேட்டார். முடியாது என்றேன்.

அதன் பிறகு ஜூன் இரண்டாம் தேதி, தளத்தையும் அதன் மின்னஞ்சலையும் தன் கணினிகளில் வைத்திருந்த சர்வர் நிறுவனம் மூடப்பட்டது. தளமும் மின்னஞ்சலும் நின்றன. அம்மா வேறு சர்வர் பிடித்து, பெயரை அதற்குத் திருப்பிவிடச் சொன்னார். பூட்டிய பெயரில் கைவைக்க இரு தரப்பும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. கணவருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அம்மா தினமும் கூப்பிட்டார். "தளம் கிடக்கட்டும்மா, மெயில் வர்ற வழிய மட்டும் திறந்து விடும்மா" என்றார். விதியைப் படித்துக் காட்டினேன்.

அதன் பிறகு பதிமூன்றாம் தேதி கணவர் நேரில் வந்தார். வெளியூர் வேலையில் இருந்ததாகவும், என் மின்னஞ்சல்களை அன்றுதான் பார்த்ததாகவும் சொன்னார். "தேட வேணாம்னு நான் எப்பங்க சொன்னேன்? அந்தப் போட்டோவ தினம் பார்க்க முடியலன்னுதான் சொன்னேன்" என்றபடி கையெழுத்துப் போட்டார். பெயரைப் புது சர்வருக்குத் திருப்பினேன்; பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் ஒரு நர்ஸின் மின்னஞ்சல் அம்மாவுக்கு வந்தது. அம்மா முன்பு ஒட்டிய நோட்டீஸில் இருந்த இதே மின்னஞ்சல் முகவரிக்கு ஆறாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் எழுதியதாகவும், இரண்டும் திரும்பிவிட்டதாகவும், விபத்தில் அடிபட்டு வார்டில் கிடந்த, கழுத்தில் தழும்புள்ள பெண் பன்னிரண்டாம் தேதி இறந்துவிட்டதாகவும் அதில் இருந்தது. தாயும் தகப்பனும் ஒரே வண்டியில் போய் அடையாளம் காட்டினார்கள்.

அதன் பிறகு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். "அவளுக்கு நாலு நாள் நினைவு இருந்துச்சாம்" என்றார்.

கணவரின் தொலைபேசி எண் என்னிடம் இருந்ததா என்று இப்போது இந்த விசாரணையில் கேட்கப்பட்டதற்கு, இருந்தது. கோப்பின் முதல் பக்கத்தில். கூப்பிடக் கூடாது என்று விதி உண்டா என்று கேட்கப்பட்டதற்கு, இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கப்பட்டதற்கு, எனக்குத் தோன்றவில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே சரியாக எழுதப்பட்டுள்ளது. கடைசி பதிலை மாற்ற விருப்பமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

(கையொப்பம்)