ரெண்டு ரிக்கற், ஒரே நாள்

இல்லைத் தம்பி, உந்த நோட்டீசை அங்கால வையுங்கோ. எனக்கு உது வேண்டாம். நான் வந்தவுடனயே சொன்னனான், ரெண்டு பிளேன் ரிக்கற். ஒண்டு லண்டனில இருந்து, மற்றது கொழும்பில இருந்து. ரெண்டு பேரும் ஒரே நாள் ஒரே நாட்டில போய் இறங்கோணும். ரெண்டு பேரையும் மறிக்காமல் உள்ள விடுற நாடா இருக்கோணும். அவ்வளவுதான். நீங்கள் என்னடாவெண்டா குதிரைப் படம் போட்ட நோட்டீசைத் தூக்கி நீட்டுறியள்.

ஆருக்கு அடிச்சது உது? பிலிப்பீன் நேர்ஸ்மாருக்கோ? நினைச்சன். ஒருத்தரும் போகாத நாடாத் தேடிப் பிடிச்சுப் போறது அதுகள்தானே. எங்க, குடுங்கோ பாப்பம். மங்கோலியா, கசகஸ்தான், அல்பேனியா. இதென்ன, மொரோக்கோவில ஒட்டகமோ? நல்லாயிருக்கு. லண்டன் கிறீன் ஸ்ட்ரீட்டில ரிக்கற் கடை, சுத்திவர எங்கட சனம், நீங்கள் மணிலாக்காரருக்கு ஒட்டகம் விக்கிறியள்.

எங்கட சனமோ? ஓம், அதையும் சொல்லத்தான் வேணும். எங்கட ஆக்களுக்கு ஹொலிடே எண்டா என்ன? பாரிசுக்குப் போய் மச்சாள் வீட்டுக் கதிரையில இருந்து கொத்துரொட்டி சாப்பிடுறது. அடுத்த வருசம் சுவிசுக்குப் போய் சித்தப்பா வீட்டுக் கதிரையில இருந்து அதே கொத்துரொட்டி. கனடாவெண்டா கதிரை கொஞ்சம் பெரிசு. திரும்பி வந்து, அங்க மச்சாள் எத்தினை கறி வைச்சவள், மருமகள் முகத்தை நீட்டினவளோ இல்லையோ எண்டு ஆறு மாதம் கதை. நாட்டைப் பாத்தியோ எண்டு கேட்டா முழிப்பினம்.

உவை பிலிப்பீன்காரர் நேரெதிர். நான் வால்தம்ஸ்டோவில வயசுபோன ஆக்களைப் பாக்கிற ஒரு கெயார் ஹோமில குசினி வேலை, சமையல். அங்க லோர்னா எண்டு ஒரு நேர்ஸ். பிரேக் வந்தாக் காணும், அவளும் இன்னும் நாலு பேரும் வட்டமா இருந்து, பெட்டிக்குள்ள சோறும் பொரிச்ச மீனும், நடுவில போன். போனுக்குள்ள ஒரு பெட்டை எங்கயோ மலையில நிண்டு கத்துறாள், ஒருத்தருக்கும் தெரியாத பத்து நாடு, எங்கட பாஸ்போட்டுக்கு விசாவே வேண்டாம், வாங்கோ வாங்கோ எண்டு. இதுகள் பேப்பரில எழுதி வைக்குதுகள். எனக்கு ஆத்திரம்தான் வரும். கடல் இல்லை, கடைத்தெரு இல்லை, தெரிஞ்ச சனம் இல்லை, அங்க போய் என்னத்தைப் பிடுங்கப் போறியள் எண்டு ஒருநாள் கேட்டே போட்டன்.

அவள் சிரிச்சாள். அதுக்குப் பிறகுதான் விசயம் விளங்கினது. தாய்க்கு இஞ்ச வர ரெண்டுதரம் விசா கேட்டு ரெண்டுதரமும் இல்லையெண்டிட்டாங்கள். தம்பிக்காரனுக்கும் அப்பிடித்தான். ஊருக்குப் போற அளவுக்கு லோர்னாவுக்கு லீவும் கிடைக்காது. அப்ப ரெண்டு பக்கமும் பாதித் தூரம் வந்து சந்திக்கிறது. வடிவான நாடா எண்டு பாக்கிறேல்லை, கதவு திறந்து கிடக்குதோ எண்டுதான் பாக்கிறது. பிறகு குதிரையோட நிண்டு படம் எடுத்துப் போட்டா, பாக்கிறவைக்கு ஹொலிடே.

மங்கோலியாவோ? அதைவிட மோசமான நாடு ஒண்டும் இல்லைத் தம்பி. உந்தப் படத்தை நம்பாதேங்கோ. ஒரு மரத்தைக் காட்டுங்கோ பாப்பம். காத்து, காத்து, காத்து. உப்பு மட்டும் போட்டு அவிச்ச ஆட்டிறைச்சி. தேத்தண்ணிக்குள்ளயும் உப்பு. குதிரைப்பாலைப் புளிக்க வைச்சுத் தருவினம், நாள்பட்ட மோரும் அதைவிடத் திறம். வட்டக் கூடாரத்துக்குள்ள எட்டுப் பேர் படுக்கிறது, விடியக் காலமை மூக்கு இருக்கோ எண்டு தடவிப் பாக்கோணும்.

எனக்கு எப்பிடித் தெரியுமோ? போனனான் தம்பி. போன ஒக்ரோபர்.

ஓம், அவையோடதான் போனனான். சிரிக்கிறதெண்டாச் சிரியுங்கோ. இந்தாங்கோ, என்ர புத்தகத்தைப் பாருங்கோ. பாஸ்போட் இல்லை, அகதிகளுக்குக் குடுக்கிற பயணப் புத்தகம். இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் போகலாமாம். எனக்கு அந்த ஒரு நாட்டிலதான் அலுவல், அதைத் தவிர உலகம் முழுக்கத் திறந்து விட்டிருக்கினம். என்ன பெரிய மனசு!

கொழும்பில இருந்து ஆரோ? மகன். சுஜீத். நான் வெளிக்கிடேக்க அவனுக்குப் பதினொரு வயசு, என்ர தங்கச்சியோட விட்டிட்டு வந்தனான். என்ர அகதிக் கேஸ் முடிஞ்சு விசா கிடைக்கேக்க அவனுக்குப் பதினெட்டுத் தாண்டிட்டுது. பதினெட்டுத் தாண்டினாப் பிள்ளை இல்லையாம். ஆரிட்டக் கேட்டு முடிவெடுத்தவையோ தெரியாது. சரி, பாக்கவாவது வரட்டும் எண்டு மூண்டுதரம் போட்டம். திரும்பிப் போகமாட்டான் எண்டு மூண்டுதரமும் மறுத்துப்போட்டாங்கள். இப்ப இருபத்திமூண்டு வயசு. பன்னிரண்டு வருசம் நான் அவனைத் தொடேல்லை.

லோர்னாதான் சொன்னவள், எங்களோட வா, மகனையும் அங்க கூப்பிடு எண்டு. தாயும் தம்பியும் மணிலாவில இருந்து வருகினம், உன்ர மகன் கொழும்பில இருந்து வரட்டும். அவளின்ர பேப்பரைப் பாத்தம், மங்கோலியாவுக்கு விசா வேண்டாம் எண்டு கிடக்குது. என்ர புத்தகத்துக்கு வேணும் எண்டு அலைஞ்சு திரிஞ்சு எடுத்தம். அவன்ர பாஸ்போட்டைப் பற்றி நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. மணிலாக்காரருக்கு வேண்டாமெண்டா எங்களுக்கும் வேண்டாம்தானே, ரெண்டும் ஏழை நாடுதானே எண்டு நினைச்சிட்டன். ஏழையளுக்குள்ளயும் வகுப்புப் பிரிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டு எனக்கு எங்க தெரியும்? எனக்குச் செருப்பால அடிக்கோணும்.

ஓம். கொழும்பு எயர்போட்டிலயே மறிச்சுப்போட்டாங்கள். நான் அங்க இறங்கிப் போனைத் திறக்கிறன், அவன்ர குரல் கிடக்குது. அம்மா, என்னை ஏத்தமாட்டினமாம், இந்தப் பாஸ்போட்டுக்கு விசா வேணுமாம், நீங்கள் சுத்திப் பாத்திட்டுப் போங்கோ. சுத்திப் பாக்கட்டாம். அழுகையை அடக்கிக்கொண்டு சொல்லுறான், தாய்க்குத் தெரியாதோ?

அப்பத்தான் மணிலாக்காரர் வந்த பிளேனும் இறங்கினது. லோர்னாவின்ர தாய், சின்ன மனிசி, தள்ளு வண்டிலுக்குப் பின்னால ஆளே தெரியேல்லை. தாயும் மகளும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சுக் குழறுதுகள். எனக்கு எரிஞ்சுது தம்பி. பொய் சொல்லக்கூடாது, பாத்துக்கொண்டு நிக்க எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. நாசமாப் போங்கோ எண்டுகூட நினைச்சன். அந்த மனிசிக்கு லோர்னா என்ன சொன்னாளோ, வந்து என்னையும் பிடிச்சு இறுக்கிக்கொண்டு நிண்டது. விடவே மாட்டன் எண்டிட்டுது.

திரும்பி வாற ரிக்கற் ஏழு நாளைக்குப் பிறகுதான். வேற என்ன செய்யிறது? குதிரையில ஏறினன். பாலைக் குடிச்சன். படம் எடுத்தாங்கள், பல்லைக் காட்டு எண்டாங்கள், காட்டினன். அந்தப் படம் இப்ப எங்கட குசினிச் சுவரில ஒட்டிக் கிடக்குது. பாக்கிறவை எல்லாம், தவநாயகி நல்லா என்ஜோய் பண்ணியிருக்கிறா எண்டு சொல்லுகினம். நானும் ஓம் எண்டிடுவன்.

ஏன் தம்பி உப்பிடி என்னைப் பாக்கிறியள்? கொம்பியூட்டரைப் பாருங்கோ. அவன்ர பாஸ்போட் கொப்பி இதில இருக்கு. முதல்ல அவனை உள்ள விடுற நாடு எது எண்டு பாருங்கோ, பிறகு என்ர புத்தகத்தைப் பாருங்கோ. மரம் இல்லாட்டிலும் காரியமில்லை, கோயில் இல்லாட்டிலும் காரியமில்லை.

ஒண்டு மட்டும். குளிர் இல்லாத நாடாப் பாருங்கோ. போன முறை அவனுக்கெண்டு ஒரு தடிச்ச ஜக்கெற் வாங்கிக்கொண்டு போனனான், ஒரு மட்டுக்கு அளவு பாத்துத்தான். லோர்னாவின்ர தம்பி சும்மா அரைக்கைச் சேட்டோட வந்து இறங்கி நடுங்கிக்கொண்டு நிண்டான். அவனுக்குப் போட்டுவிட்டன். அளவாத்தான் இருந்திச்சு. ஆனா சுஜீத்துக்கு அளவா இருந்திருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது தம்பி. போனில அவன்ர முகம் மட்டும்தானே தெரியுது.